மடியில் உட்கார்ந்தவர்கள்

ஜூன் 9, திங்கள்

காலையில் கம்பெனிப் பேருந்து கனகம்மாசத்திரத்தில் வெகுநேரம் நின்றுவிட்டது. திருப்பதிக்குப் போகும் லாரி ஒன்று அச்சு முறிந்து சாலையின் குறுக்கே கிடந்தது. எல்லோரும் இறங்கித் தேநீர் குடித்தார்கள். நான் இறங்காமல், நான் எழுதிய வாரண்டியின் ஆறாவது நிபந்தனையை மறுபடியும் படித்தேன். மாற்ற வேண்டிய சொல் ஒன்றும் இல்லை.

தேவகி ஜன்னலருகே வந்தார். "டீ சொல்லட்டுமா சார்?" என்றார். நான் வேண்டாமென்றதும், எதிர்பார்த்தபடியே, "நம்ம ஃபைலு எங்க சார் இருக்கு?" என்றார்.

"என்னிடம்தான்."

"நீங்களே வச்சிகினு இருக்காதீங்க சார். கொஞ்சம் தள்ளிவிடுங்க."

செயல்திறன் பாகங்கள் பிரிவின் தலைமைப் பொறியாளர் அவர். அரக்கோணத்திலிருந்து வந்து திருத்தணியில் இதே பேருந்தில் ஏறுகிறார். நான் சட்டப் பிரிவு. என் கையெழுத்து இல்லாமல், வண்டியைத் தாழ்த்தும் அவருடைய ஸ்பிரிங் சந்தைக்குப் போகாது.

நிர்வாகத்திற்குத் தர வேண்டிய கருத்துரையை இங்கே எழுதிப் பார்க்கிறேன். எனக்கே தெளிவாகாததைப் பிறருக்கு விளக்க இயலாது.

புதிய கார் ஒன்று வெளிவரும்போது, அதை இன்னும் விறுவிறுப்பாக ஓடச்செய்யும் பாகங்களைத் தயாரிப்பாளர் மூன்று விதமாகத் தரலாம். தொழிற்சாலையிலேயே பொருத்தித் தனி வகையாக விற்கலாம், செலவு மிகுதி. வெளியார் ஒருவருக்குத் தன் பெயரை இரவல் கொடுத்துவிட்டு ஒதுங்கலாம்; பெயர் கெட்டால் திரும்ப வாங்க முடியாது. அல்லது பாகங்களைத் தானே வடிவமைத்து, வண்டிக்கு ஒப்புதல் வாங்கும்போதே அவற்றுக்கும் சேர்த்து வாங்கி, விற்பனையகத்தில் பொருத்தித் தரலாம். எங்கள் நிறுவனம் மூன்றாவதைத் தேர்ந்திருக்கிறது. வாங்குபவர் தாமாக எதையும் மாற்றுவதில்லை என்பதால், வண்டியை மாற்றியமைக்கத் தடை விதிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை. வாரண்டியும் அப்படியே நிற்கும். இதுவரை நடந்தது என்ன? வெளிக்கடையில் ஸ்பிரிங்கை வெட்டி, அழகுக்காகவும் வளைவில் சாயாமலிருக்கவும் வண்டியைத் தாழ்த்திக்கொள்வார்கள். பழுது வந்ததும் நாங்கள் கையை விரிப்போம். அந்த நிலை இனி இல்லை.

நிர்வாகம் ஒரு விஷயத்தில்தான் தயங்கியது. வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு எந்தத் துணிச்சலில் உத்தரவாதம் தருவது? அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது என் ஆறாவது நிபந்தனை. பின்சக்கரத்தருகே உயரத்தை அளக்கும் கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து பேருக்கும் அவர்கள் பைகளுக்கும் உரிய பாரத்தைத் தாண்டி வண்டி தாழ்ந்தால் அது பதிந்துவிடும். ஒருமுறை பதிந்தாலே போதும். ஸ்பிரிங்குக்கு வாரண்டி இல்லை. வாதத்திற்கே இடமில்லாத வாக்கியம். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பல வருடம் நின்றவன் எழுதியது. எங்கே ஓட்டை விழும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவி கல்பனாவிடம் சொன்னேன். காரில் நான் அறுபதைத் தாண்டியதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். "உங்களைப் போயி ஸ்பீடு பார்ட்ஸுக்கு வக்கீலா போட்டிருக்காங்களே" என்று அரிசி களைந்துகொண்டே சிரித்தாள்.

ஜூன் 11, புதன்

ஆயுத பூசைக்கு முன் கார் வெளிவரும் என்று அறிவித்துவிட்டார்கள். பாகங்களும் அதே நாளில்.

ஜூன் 20, வெள்ளி

தேவகி இன்று சிரிக்கவில்லை. பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வண்டியோட சேர்ந்து கிட் வரலன்னா எங்க டீமையே மூடிட்டு பூனாவுக்கு அனுப்பிடுவாங்களாம் சார். ஜெயப்பிரகாஷ் சார் சொன்னாரு."

ஜெயப்பிரகாஷ் விற்பனைப் பிரிவின் தலைவர். இதுபோன்ற செய்திகள் அவருக்குத்தான் முதலில் வரும்.

"எங்க வீட்டுக்காரரு லோகோ பைலட்டு. அரக்கோணம் ஷெட்டு. அவர பெட்டியில போட்டுகினா போவேன் பூனாவுக்கு? பொண்ணு வேற பத்தாவது."

ஜூலை 9ஆம் தேதிக் கூட்டத்தில் என் கருத்துரை வைக்கப்படும். அதில் தடை ஏதும் இருக்காது என்று சொன்னேன். பொதுவாக நான் இப்படி முன்கூட்டி வாக்குக் கொடுப்பதில்லை. ஏன் கொடுத்தேன்? ஆறாவது நிபந்தனையின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜூன் 21, சனி

சோதனைக் கார் வீட்டுக்கு வந்தது. ஊழியர் சிலர் ஆளுக்குச் சில வாரம் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லாப் பாகங்களும் பொருத்திய வண்டி. கம்பெனிப் பெயரில் பதிவு. ஐந்து பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். அந்த உறுதிமொழியின் வாசகமும் நான் எழுதியதுதான்.

தரையோடு ஒட்டி நிற்கிறது. ஒப்புக்கொள்ள வேண்டும் - அழகாகத்தான் இருக்கிறது. அரக்கோணம் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். வளைவுகளில் சாயவே இல்லை. எழுபது வரை போனேன்.

ஜூன் 29, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கல்பனாவின் தம்பி பச்சையப்பன் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கிறான். அவனுடைய கடைக்குட்டிக்கு இன்று திருத்தணி முருகன் மலையில் மொட்டை. பேசி வைத்திருந்த வேன் காலையில் வரவில்லை. குடும்பத்தோடு பேருந்தில் வந்து எங்கள் வாசலில் இறங்கியவன், காரைப் பார்த்ததும் அதைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான்.

"பாவா, வண்டி வந்து ஒரு வாரமாவுது. இன்னும் மலைக்கு எடுத்துகினு போகலியா? முருகன் என்னா நெனச்சிகினு இருப்பாரு?"

"இது நம் வண்டி இல்லை பச்சையப்பா. கம்பெனி வண்டி."

"அப்ப கம்பெனிக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கலாம்."

ஐந்து பேர்தான் ஏறலாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவன் விரலை மடக்கினான். "நீங்க, அக்கா, நானு, விஜி, விஜி தங்கச்சி ஷாலினி. ஆச்சா? அஞ்சே அஞ்சு பேரு."

"குழந்தைகள்?"

"அதுங்க மடியில பாவா."

நான் என்ன செய்தேன்? ஐந்து என்பது சரியாக வருகிறதே என்று கதவைத் திறந்துவிட்டேன். இதை எழுதும்போதுதான் வியப்பாக இருக்கிறது. அந்த நேரத்தில் உறுதிமொழியை மீறுகிறோம் என்ற எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை. மூன்று குழந்தைகள் மடியில். டிக்கியில் பொங்கல் பாத்திரம், அரிசி, விறகு, தேங்காய் மூட்டை.

மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் பின்பக்கம் கர்ர்ரென்று ஓர் ஓசை. டயர் எதிலோ உரசுகிறது. வளைவு முடிந்ததும் நின்றுவிட்டது. அடுத்த வளைவில் மறுபடியும். ஷாலினி, "மாமா, வண்டி கொறட்டை வுடுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, மிக மெதுவாக ஏற்றினேன்.

மொட்டை முடிந்தது. குழந்தை அழுது ஓய்ந்து, சந்தனத் தலையோடு தூங்கிப்போனது. பச்சையப்பன் எனக்குத் தெரியாமல் மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்துவிட்டான். குருக்கள் கேட்டார்: "வண்டி யார் பேருக்கு?"

உண்மையைத்தான் சொல்ல வேண்டும், நான் யோசித்தேன். அதற்குள் பச்சையப்பன், "கம்பெனி பேருக்கே பண்ணுங்க சாமி" என்றான்.

"கம்பெனிக்கு என்ன நட்சத்திரம்?"

"கிருத்திகைன்னே வச்சிக்குங்க."

இறங்கும்போது எல்லோரையும் நடந்து வரச் சொன்னேன். பச்சையப்பனின் மனைவி விஜிக்குக் கோபம்.

ஜூன் 30, திங்கள்

வண்டியைக் கம்பெனிக்கு எடுத்துப்போய்த் தேவகியிடம் ஓசையைப் பற்றிச் சொன்னேன். கணினியை இணைத்துப் பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சார், நேத்து மலைக்கா போனீங்க? உங்க வாரண்டி போச்சு சார்! ஆறாவது நிபந்தனை!"

திரையில் வளைவுக்கு வளைவு பதிவாகியிருந்தது. தூக்கி நிறுத்திப் பார்த்ததில், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உள்ளுறை டயர் பட்டு ஓரிடத்தில் தேய்ந்திருந்தது. ஸ்பிரிங்குக்குச் சேதமில்லை.

"டெஸ்ட் வண்டிதானே சார், அழிச்சிட்றேன். யாருக்கும் தெரியாது."

வேண்டாம் என்றேன். உடனே சொல்லிவிட்டேன், காரணம் யோசித்துச் சொன்னதில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

ஜூலை 2, புதன்

ஒரு வாக்கியத்தை எழுதியவனே, அதை நன்றாக அறிந்தவனே, தான் கடைப்பிடிக்கிறோம் என்ற நினைப்பிலேயே மீறியிருக்கிறான். வாங்கிய மறுநாளே குடும்பத்தோடு வண்டியை மலைக்கு எடுத்துக்கொண்டு வருபவர் கதி என்ன?

சட்டப்படி என் நிபந்தனை செல்லும். ஐந்து இருக்கை வண்டியில் எட்டுப் பேர் போவது குற்றம். குழந்தையை மடியில் வைத்துப் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நான் வழக்குக் கட்டுகளில் படித்திருக்கிறேன். அதைச் சரி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நம் கேள்வி அது அல்லவே. ஸ்பிரிங்கில் தயாரிப்புப் பிழையே இருந்து அது ஒரு வருடம் கழித்து உடைந்தாலும், முதல் நாள் மலைக்குப் போனதைக் காட்டி நாம் மறுத்துவிடலாம். இதைத்தான் நான் 'வாதத்திற்கே இடமில்லாத வாக்கியம்' என்று எழுதியிருக்கிறேன்.

ஜூலை 5, சனி

காலையில் பேருந்தேறி மலைக்குப் போனேன். கல்பனா எதற்கென்று கேட்டாள். வேலையாக என்றேன். "முருகன் மேலயா கேஸு?" என்றாள்.

வாகன பூசை நடக்கும் இடத்தருகே நிழலில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல நாள் போலிருக்கிறது. புதிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கதவு திறந்தால் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எண்ணத் தொடங்கிப் பிறகு விட்டுவிட்டேன். ஐந்து பேரோடு வந்த வண்டி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. யார்தான் புது வண்டியில் முதல்முதலாக மலைக்கு வரும்போது வீட்டில் ஒருவரை விட்டுவிட்டு வருவார்கள்?

நகரியிலிருந்து வந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வெள்ளைக் கார், இன்னும் நெகிழித் தாள் பிரிக்காத இருக்கைகள்.

"எத்தனை பேர் வந்தீங்க?"

"அஞ்சு பேரு சார்."

அவர் பக்கத்திலேயே நான்கு குழந்தைகள் பஞ்சாமிர்தம் தின்றுகொண்டிருந்தன.

"இவங்க?"

"இதுங்க சின்னதுங்க சார்," என்றார், நான் கேட்டதே புரியாதவர் போல.

அவர் பொய் சொல்லவில்லை. கூண்டில் ஏற்றினால் இதே பதிலைத்தான் சொல்வார். குறுக்கு விசாரணையில் இரண்டே கேள்வியில் அவரைப் பொய்யராக்கிவிடலாம். நானே செய்திருப்பேன், நன்றாகவும் செய்திருப்பேன்.

ஜூலை 7, திங்கள்

தேவகியிடம் முதலில் சொல்லாமல் கூட்டத்தில் சொல்வது முறையல்ல. மதிய உணவுக்குப் பிறகு அவர் அறைக்குப் போனேன். ஸ்பிரிங்கை இப்போது விட வேண்டாம், அதிகப் பாரம் தாங்கும்படி மாற்றிய பிறகு விடலாம், ஆறாவது நிபந்தனையையும் எடுத்துவிடலாம் என்று பரிந்துரைக்கப்போவதாகச் சொன்னேன்.

தேவகி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அன்னிக்கி பஸ்ஸுல தடையே இல்லன்னு சொன்னீங்க சார்."

"சொன்னேன்."

"அதை நம்பிகினு வீட்ல சொல்லிட்டேன்."

சொன்னது நான்தானே. சொல்லியிருக்கக் கூடாது. இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்.

ஜூலை 9, புதன்

கூட்டம்.

நிர்வாக இயக்குநர் என் கருத்துரையை மேசைமேல் வைத்துவிட்டு, "தேசப்பன், இந்த நிபந்தனை செல்லாது என்கிறீர்களா?" என்று கேட்டார்.

"செல்லும் சார். நுகர்வோர் ஆணையம் இதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று சொல்லக்கூடும், சொல்லாமலும் போகலாம். அதை என் காரணமாகக் காட்டவில்லை."

"பிறகு?"

"வாரண்டி உண்டு என்று விளம்பரம் செய்கிறோம். வாங்கியவர் செய்யும் முதல் பயணத்திலேயே அது போய்விடும் என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு நான் கையெழுத்திட இயலாது."

ஜெயப்பிரகாஷ் குறுக்கிட்டார். "சார், அதிக ஆள ஏத்தினா அது கஸ்டமர் தப்பு. நாமதான் எழுதிக் குடுத்துட்டோமே. அதுவும் நீங்க எழுதினதுதானே?"

"நான் எழுதியதுதான். நானும் ஏற்றினேன்."

மலைக்குப் போனதைச் சொன்னேன். மூன்று குழந்தைகளையும், விறகையும்கூட. யாரோ சிரித்தார். நிர்வாக இயக்குநர் சிரிக்கவில்லை. "அதாவது, உறுதிமொழியை மீறியிருக்கிறீர்கள்" என்றார். ஆம் என்றேன். அதற்கான விளக்கக் குறிப்பைத் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், நியாயமே.

முடிவு: சைலன்சர், பிரேக், சக்கரங்கள் காரோடு வெளிவரும். ஸ்பிரிங் நிறுத்திவைப்பு. தேவகி கூட்டம் முழுவதும் தலை நிமிரவில்லை.

ஜூலை 10, வியாழன்

பேருந்தில் தேவகி இல்லை. அரக்கோணத்திலிருந்து ரயிலிலேயே போய்விட்டாராம்.

ஜூலை 25, வெள்ளி

அவருடைய குழுவில் இருவருக்குப் பூனா மாற்றல் வந்துவிட்டது. தேவகிக்கு மார்ச் வரை அவகாசம். அதற்குள் ஸ்பிரிங் சந்தைக்கு வந்து விற்றுக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அவரும்.

இதெல்லாம் என்னால்தானா? என் கையெழுத்து மட்டும் விழுந்திருந்தால் அந்த இருவரும் இங்கேயே இருந்திருப்பார்கள். அதையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டின்போது கல்பனாவிடம் கேட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். ஆறுதலுக்காக விடையை மாற்றிச் சொல்கிறவள் அல்ல. "ஆங், உங்களாலதான்," என்றாள். "அதுக்காகத் தப்புன்னு ஆயிடுமா? சாம்பார் ஊத்திக்குங்க."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தேவகி என் அறைக்கு வந்தார். பேச்சில் இன்னும் சூடு இருந்தது.

"குத்தம் சொல்லிட்டீங்க. சரி. எத்தினி பேரு சார் தாங்கணும்? ஒரு நம்பர் குடுங்க. எனக்கு நம்பர் இல்லாம டிசைன் பண்ண முடியாது."

என்னிடம் யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. கருத்துச் சொல்வேன்; அளவு சொல்லிப் பழக்கமில்லை. யோசித்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பெரியவர்கள் ஐந்து. மடியில் மூன்று. பின்னால் அரிசி, விறகு, பாத்திரம், தேங்காய். திருத்தணி மலைப்பாதை, வளைவுகளோடு.

படித்துவிட்டு முதல்முறையாகச் சற்றே சிரித்தார். "மடியில மூணுன்னா எத்தினி கிலோ சார்? மொட்டை அடிக்கிறதுக்கு முன்னாடியா, அடிச்ச பெறகா?"

ஆகஸ்ட் 29, வெள்ளி

பாரம் கூடக் கூட இறுகிக்கொண்டே போகும்படி கம்பியை வேறுவிதமாகச் சுற்றுகிறார்களாம். தனியாக ஓட்டும்போது பழைய சுகம் கிடைக்கும்; ஆள் ஏறினால் தாழாமல் தாங்கும். ஆனால் வண்டியை முன்போல் அவ்வளவு தாழ்த்த முடியாது. ஜெயப்பிரகாஷுக்கு இதில் மிகுந்த வருத்தம். "பாதி அழகு போச்சு சார். போட்டோல என்னத்தக் காட்டுவேன்?"

குழுவில் அந்த ஸ்பிரிங்குக்கு 'அஞ்சும் மூணும்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வரைபடத்தின் தலைப்பிலேயே இருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

கார் வெளிவந்தது. ஸ்பிரிங் இல்லாமல். பத்திரிகைகள் நன்றாக எழுதியிருக்கின்றன. ஒன்று மட்டும், 'வேகப் பாகங்கள் என்று சொல்லிச் சைலன்சரை நீட்டுகிறார்கள்' என்று குத்தியிருக்கிறது. ஜெயப்பிரகாஷ் அதை எனக்கு மட்டும் அனுப்பிவைத்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

மலையில் சோதனை. தேவகியும் அவருடைய ஆட்கள் இருவரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். முந்தின நாள் மழையில் பாதை ஈரமாக இருந்தது.

பச்சையப்பனிடம், ஓட்டுநர் போக நான்கு பெரியவர்கள் வேண்டும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவன் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினான். "எத்தினி பேரு வேணுமோ எடுத்துக்குங்க பாவா. மீதிப் பேரு சாமி கும்பிடட்டும்."

குழந்தைகளும் புத்தாடை போட்டு வந்திருந்தன. அவர்களை ஏற்றக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். தேவகி எடைபோட்டுக் கொண்டுவந்திருந்த மூன்று மணல் பைகளை மூவர் மடியில் வைத்தார்கள்; டிக்கியில் அரிசி, பாத்திரம், தேங்காய் மூட்டை. விஜி தன் மடியிலிருந்த பையைத் தட்டிப் பார்த்து, "எம் புள்ள இதவிட கனம்மா" என்றாள். தேவகி உடனே இறங்கி, சிறு பை ஒன்றைச் சேர்த்தார்.

"பாவா, புள்ளைங்களுக்கு பதிலா மண்ணா? நல்லா இருக்குது உங்க கம்பெனி," என்றான் பச்சையப்பன்.

கம்பெனி ஓட்டுநர் ஓட்டினார். தேவகி வளைவில் சாலையோரமாகக் குனிந்து நின்று காதைக் கொடுத்தார். நான் குடையோடு பக்கத்தில். வண்டி கடந்துபோனது. ஓசை இல்லை. மறுபடியும் கீழே போய் ஏறி வரச் சொன்னார். இல்லை. மூன்றாவது தடவை விறகையும் ஏற்றச் சொன்னார், விறகு கொண்டுவரவில்லை. பச்சையப்பனின் ஆட்களில் இன்னும் இருவரைப் பின்னால் அழுத்தி உட்காரவைத்தார்கள். அப்போது மட்டும் மெல்லிய ஓர் உரசல்.

"அது பத்து பேரு கணக்கு சார்," என்றார் தேவகி. "அதுக்கு அவங்க வேன் எடுத்துகினுதான் வரணும்."

டிசம்பர் 3, புதன்

நிபந்தனையைத் திருத்தி எழுதுவது நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது. ஜெயப்பிரகாஷ் 'எட்டுப் பேர் தாங்கும்' என்று விளம்பரம் போட விரும்புகிறார். கூடவே கூடாது. ஐந்து இருக்கை வண்டி ஐந்து பேருக்குத்தான். அதை நிறுவனமே மீறச் சொல்வது குற்றம். நான் அனுமதிக்கவும் கூடாது, மீறினார் என்பதற்காக மட்டும் தண்டிக்கவும் கூடாது. இரண்டையும் ஒரே பத்தியில் சொல்ல வேண்டும்.

இறுதி வாசகம்: 'இருக்கைகளுக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் ஆட்களை ஏற்றுதல் சட்டவிரோதமும் ஆபத்துமாகும். எனினும், அதிகப் பாரம் பதிவாகியிருப்பதை மட்டுமே காரணமாகக் கொண்டு உரிமைகோரல் மறுக்கப்படாது. பழுதான பாகம் நேரில் ஆராயப்படும்.'

நிர்வாக இயக்குநர் இரண்டு முறை படித்தார். "செலவு கூடும்" என்றார். கூடும் என்றேன். "எவ்வளவு?" தெரியாது என்றேன். ஒரு வருடத்துக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். என் கையெழுத்து அதற்குக் கீழே.

ஜனவரி 22, வியாழன்

தை பிறந்ததும் ஸ்பிரிங் விற்பனைக்கு வந்துவிட்டது. மெதுவாகத்தான் போகிறது. சென்னையில் சிலர், தாழ்வு போதவில்லை என்று வெளிக்கடைக்கே போகிறார்களாம். வேலூர், திருப்பதிப் பக்கம் கேட்கிறார்கள். மார்ச்சுக்கு என்ன ஆகும் என்று தேவகியிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, புதன்

தேவகியின் மகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. கணக்கில் சில ஐயங்களாம். கல்பனா ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

புதிய வாசகத்தின் கீழ் முதல் உரிமைகோரல் வந்தது. நகரிக்காரர் ஒருவர், மலையில் அன்று பார்த்தவர் அல்ல; வண்டி வாங்கி இரண்டு மாதம். பின்பக்க இடது ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. விற்பனையகத்தின் சேவை மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ரிஜெக்ட்தானே சார்? ரெக்கார்டுல ஓவர்லோடு காட்டுது. அதுவும் போக அவரே சொல்றாரு. முதல் நாள் மலைக்கு எட்டுப் பேரு போனோம்னு. குழந்தைங்களையும் சேர்த்தே சொல்றாரு சார்!"

"இரண்டாவது வாக்கியத்தைப் படியுங்கள்."

படித்தார். பிறகு மூன்றாவதையும் படித்தார்.

"அப்ப நாங்க என்ன பண்றது சார்?"

"அவருக்குப் புது ஸ்பிரிங் போட்டுக் கொடுங்கள். உடைந்ததை எங்களுக்கு அனுப்புங்கள்."

மாலைப் பேருந்தில் தேவகியிடம் சொன்னேன்; மார்ச் கழிந்தும் பூனா உத்தரவு அவருக்கு வரவில்லை. எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, மேல் சுற்றிலா கீழ்ச் சுற்றிலா, முறிந்த முகம் துருவா பளபளப்பா என்று கேட்டார்; துருவென்றால் பழைய விரிசல், பளபளப்பென்றால் புது முறிவாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய நிபந்தனையாயிருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது. பதிவைப் பார்த்து ஒரே வரியில் முடித்திருப்போம். "அத மொதல்ல என் டேபுளுக்கு வரச் சொல்லுங்க சார், ஸ்டோருக்குப் போயிட்டா தேடிகினு இருக்கணும்," என்றார். திருத்தணி வந்ததும் இறங்கி, அரக்கோணம் ரயிலுக்கு வேகமாக நடந்தார்.